டிராவல்ஸ்காரரை நம்பி பாலி போனோம், 56,500 ரூபாய் போச்சு

ஊர் திரும்பி நாலு நாள் ஆகிறது. பெட்டியில் பாதித் துணி துவைக்காமல் கிடக்கிறது. பார்க்கிறவர்கள் எல்லாம் "டிரிப் எப்படி?" என்று கேட்கிறார்கள். நாங்களும் "சூப்பர்" என்று சொல்லி போட்டோவைக் காட்டுகிறோம். 56,500 ரூபாய் ஏமாந்து வந்தோம் என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்ளவா முடியும்? கேஸ் போடப் போகிறோம், கடைப் பெயரைப் போடாதே என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். திருச்சியில் மாடியில் இருக்கிற ஒரு டிராவல்ஸ் ஆபீஸ், அவ்வளவுதான் சொல்வேன்.

கல்யாணமாகிப் பதினைந்தாவது வருஷம், முதல் வெளிநாட்டுப் பயணம். போன பிப்ரவரியில் அந்த ஆபீஸுக்குப் போனோம். உட்கார்ந்திருந்த தம்பிக்கு முப்பது வயசுகூட இருக்காது. காபி வரவழைத்தார். எனக்குச் சொந்த ஊர் லால்குடி பக்கம் என்றதும், "எங்க அம்மா ஊரும் அங்கதான்க்கா" என்றார். "பாலில உபுத்னு ஒரு ஊர், அங்க ஒரு வில்லா போட்டுத் தரேன், ஜன்னலத் திறந்தா நெல்வயல்தான். உங்க ஊர் மாதிரியே இருக்கும்." அங்கேயே நான் விழுந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அந்த அம்மா லால்குடியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மொத்தம் 1,94,000 ரூபாய். விசா, படகு, ஐந்து ராத்திரி தங்கல் எல்லாம் சேர்த்து. முன்பணம் 50,000-க்கு ரசீது கொடுத்தார். மீதியைக் கட்டும்போது, "கம்பெனி அக்கவுண்ட்ல போட்டா ஜிஎஸ்டி ஏறும்க்கா, என் நம்பருக்கே ஜிபே பண்ணிடுங்க" என்றார். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் "நம்ம ஊர்ப் பையன்தானேங்க" என்று சொல்லிக்கொண்டே பின் நம்பரை அழுத்தினேன். அதற்கு மேல் டிசிஎஸ் வரி என்று 5 சதவீதம், 9,700 ரூபாய், தனியாக வாங்கிக்கொண்டார். வெளிநாட்டு டூருக்கு டிராவல்ஸ்காரர் நம்மிடம் வாங்கி, நம் பான் பெயரில் அரசுக்குக் கட்ட வேண்டிய வரி அது. எங்கள் இருவர் பான் கார்டு நகலும் வாங்கினார். ஜிஎஸ்டியை மிச்சம் பிடிக்கிற ஆள் டிசிஎஸ்ஸை மட்டும் ஒழுங்காகக் கட்டிவிடுவாரா? அப்போது எனக்கு உறைக்கவே இல்லை.

தென்பசார் விமான நிலையத்தில் இறங்கியதுமே ஆரம்பித்துவிட்டது. இ-விசா என்று அவர் அனுப்பிய பிடிஎஃப் வெறும் விண்ணப்பமாம், பணமே கட்டவில்லையாம். ஆளுக்கு 5 லட்சம் ருபியா கட்டி அங்கேயே விசா எடுத்தோம். இரண்டு பேருக்கும் பத்து லட்சம் என்றதும் இவருக்கு வேர்த்துவிட்டது. நம் பணத்தில் ஐந்தாயிரத்துச் சொச்சம்தான். ஆனால் அதற்கென்று தம்பி ஏற்கெனவே 6,000 வாங்கியிருந்தார். போன் பண்ணினால், "சிஸ்டம் பிராப்ளம்க்கா, வந்ததும் ரீஃபண்ட் போட்டுடறேன்." சரி என்று விட்டோம்.

குட்டாவில் முதல் இரண்டு ராத்திரி பிரச்சினை இல்லை. மூன்றாம் நாள் இருட்டின பிறகு உபுத் வில்லாவுக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பில் இருந்த பெண் கைகூப்பி வணங்கி, எலுமிச்சைச் சாறு கொடுத்து, அப்புறம் ரொம்பப் பணிவாகக் கேட்டாள்: பணமா, கார்டா? புக்கிங் எங்கள் பெயரில் இருக்கிறது, பணம்தான் வரவில்லை. எங்கள் கையில் இருந்த 'வவுச்சர்' வெறும் முன்பதிவுச் சீட்டு. முன்பணம் இல்லாமல் புக் செய்து, தங்குமிடத்தில் வந்து பணம் கட்டுகிற, கேன்சல் செய்தாலும் கட்டணம் இல்லாத வகை. அந்த வரி சீட்டிலேயே பொடி எழுத்தில் இருந்தது. நாங்கள் வில்லா போட்டோவைத்தான் பார்த்திருந்தோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது? மூன்று ராத்திரிக்கு 31,600 ரூபாய், இவர் கார்டைத் தேய்த்தார். தம்பி போனை எடுக்கவில்லை.

சனூர் துறையிலிருந்து நூசா பெனிடா தீவுக்குப் போகிற படகுக்கும் இதே கதை. பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. மறுபடி 9,200.

காலையில் ஜன்னலைத் திறந்தால் நெல்வயல்தான். அதில் அவர் பொய் சொல்லவில்லை. சரிவில் படிப்படியாக வயல், மேல்வயல் தண்ணீர் கீழ்வயலுக்கு இறங்குகிறது. சுபக் என்று அவர்களுக்கு ஒரு பாசன முறை, விவசாயிகளே கோயிலை வைத்துக் கூடித் தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். வாய்க்கால் தகராறு பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்கவே ஆசையாக இருந்தது. ஆனால் மனசு வயலில் நிற்கவில்லை, போனிலேயே நின்றது. உளுவத்து கோயிலில் ஒரு குரங்கு என் கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. பழம் கொடுத்ததும் கண்ணாடியைப் போட்டுவிட்டது. அந்தக் குரங்குக்கு இருக்கிற நேர்மைகூட மாடி ஆபீஸில் இல்லை.

வந்த மறுநாளே ஆபீஸுக்குப் போனோம். தம்பி லீவாம். ஓனர் மீட்டிங்காம். முக்கால் மணி நேரம் உட்கார்ந்த பிறகு ஓனர் வெளியே வந்து, "பாலி ஆபரேட்டர் பண்ண தப்பு சார், அவன்கிட்ட கேட்டிருக்கோம், ஏழு வேலை நாள்" என்றார். ரசீது கேட்டார். 50,000-க்கு இருந்ததைக் காட்டினோம். மீதி? "அது உங்களுக்கும் அந்தப் பையனுக்கும் உள்ள விஷயம் சார், கம்பெனிக்கு வரலையே." அதைச் சொல்லும்போது மனிதர் சிரித்தார்.

அன்று சாயந்திரம் அடுத்த தெரு ஆடிட்டரிடம் 26ஏஎஸ், அதாவது நம் பானில் ஏறிய வரிக் கணக்கு, பார்க்கச் சொன்னோம். பிப்ரவரியில் வாங்கிய டிசிஎஸ்ஸுக்கு மே 15-க்குள் கணக்குக் கொடுத்திருக்க வேண்டுமாம். எங்கள் இருவர் பானிலும் ஒரு பைசா ஏறவில்லை. விசாவுக்கு அவர் வாங்கிய 6,000, வில்லா, படகு, அந்த 9,700 எல்லாம் சேர்த்து மொத்தம் 56,500. நேற்று அதே ஆபீஸ் வாட்ஸாப்பிலிருந்து ஒரு செய்தி: வெல்கம் பேக், ஐந்து நட்சத்திரம் போடுங்கள், வியட்நாம் பேக்கேஜில் தள்ளுபடி உண்டு. என்ன தைரியம் பாருங்கள்.

வீட்டில் இவர் "நான் அப்பவே சொன்னேன்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன்.

பத்து பாயிண்ட் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், இப்போது வருவது இவ்வளவுதான். தனி ஆள் நம்பருக்குப் பணம் அனுப்பாதீர்கள், 500 ரூபாய் என்றாலும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் ஹோட்டலுக்கு நீங்களே மெயில் போட்டு, பணம் வந்துவிட்டதா என்று கேளுங்கள், புக்கிங் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். இந்தோனேசிய விசாவை அவர்கள் அரசாங்கத் தளத்திலேயே நீங்களே எடுத்துவிடலாம். டிசிஎஸ் வாங்கினால் சான்றிதழ் கேளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை புகாருக்குக் கட்டணம் இல்லை என்று ஆடிட்டர் சொன்னார், ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டை எல்லாம் பத்திரமாக வையுங்கள்.

இன்னும் இருக்கிறது, அப்புறம் எழுதுகிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்குக் காலையிலிருந்து போட்டு, இப்போதுதான் இவருக்கு லைன் கிடைத்திருக்கிறது. பில் நம்பர் கேட்கிறார்களாம்.