எட்டுப் பொங்கல் பார்த்த சுவர்கள்: விலை கூடிய பெயின்ட் எங்கள் வீட்டில் உழைத்த கதை

2018 பொங்கலுக்கு முன்னால் வீட்டுக்குள் பெயின்ட் அடித்தோம். கோபிசெட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் பாசனத்து ஊர். அதுவரை உள்சுவர் முழுக்க டிஸ்டம்பர் என்னும் மலிவுப் பூச்சுதான். சாய்ந்து உட்கார்ந்து எழுந்தால் முதுகெல்லாம் வெள்ளை மாவு ஒட்டும். இந்த முறையாவது நல்லதாக அடிப்போம் என்று கடைக்குப் போனால், ஒரே கம்பெனியில் மூன்று நாலு விலை சொன்னார்கள். கையில் இருந்த காசுக்கு ஹாலுக்கு மட்டும் லிட்டர் 490 ரூபாய் பெயின்ட் வாங்கினோம். இரண்டு படுக்கை அறைக்கும் எல்லாச் சீலிங்குக்கும் 170 ரூபாய் பெயின்ட். மஞ்சள் மூட்டை அடுக்கும் அறைக்குப் பழையபடி டிஸ்டம்பர்.

காசு பத்தாமல் அப்படிப் பிரித்ததால்தான், ஒரே வீட்டில் ஒரே பெயின்டர் கை வைத்த மூன்று ரகத்தையும் எட்டு வருஷமாகப் பார்க்க முடிந்தது. இந்த வீட்டில் சுவர் துடைப்பவள் நான். அதனால் எனக்குத் தெரிந்ததெல்லாம் துணியும் கையுமாகத் தெரிந்தது.

முதலில் எண்ணெய்க் கறை. மாமா மத்தியானம் சாப்பிட்டதும் ஹாலில் ஜன்னலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுச் சுவரில் தலையைச் சாய்த்து உட்காருவார். தலையில் தினமும் தேங்காய் எண்ணெய். இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வட்டம் கறுத்துவிடும். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு விட்ட தண்ணீரில் ஸ்பாஞ்சை நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் துடைத்தால் போய்விடுகிறது. எட்டு வருஷமாக அதே இடத்தைத் துடைக்கிறேன், பெயின்ட் போகவில்லை. பக்கவாட்டில் நின்று பார்த்தால் அந்த வட்டம் மட்டும் சுற்றியிருக்கும் சுவரைவிடக் கொஞ்சம் மினுமினுக்கும், அவ்வளவுதான். படுக்கை அறையில் கட்டிலை ஒட்டிய சுவரிலும் இதே எண்ணெய்க் கறை வந்தது. அங்கே துடைக்கத் துடைக்கத் துணியில் சுவரின் நிறமே வந்தது. மூன்றாவது வருஷம் அந்த இடத்தில், பெயின்டுக்கு அடியில் சுவரைச் சமன் செய்யப் பூசும் பட்டியின் வெள்ளை தெரிந்துவிட்டது. கறை மட்டும் மங்கலாக அங்கேயே நின்றது.

அடுத்தது மஞ்சள். எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையில் மஞ்சள் நீராட்டு அன்றைக்குப் பிள்ளைகள் நனைந்த கையோடு வீட்டுக்குள் ஓடி வந்து, ஹால் சுவரிலும் படுக்கை அறைச் சுவரிலும் கையை வைத்துவிட்டார்கள். நான் அவசரத்தில் துணி சோப்பைத் தேய்த்துத் துடைத்தேன். மஞ்சள் கை அப்படியே செக்கச் சிவந்துவிட்டது. மனசு பதறிப்போச்சு. அப்புறம்தான் ஆரத்தித் தட்டு ஞாபகம் வந்தது. மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் சிவப்பதுபோல, சோப்பின் காரத்துக்கும் சிவக்கிறது. நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை துடைத்ததும் மறுபடி மஞ்சளானது. ஹாலில் முக்கால்வாசி அன்றைக்கே போய்விட்டது. மிச்சம் இருந்த சாயம், ஜன்னல் வெயில் விழும் சுவர் என்பதால் ஒரு மாதத்துக்குள் தானாக வெளுத்துவிட்டது. மஞ்சள் சாயத்துக்கு வெயில் ஆகாது. மஞ்சள் கறை பட்ட வேட்டியை வெயிலில் காயப்போடுவது அதற்குத்தான். படுக்கை அறைச் சுவரில் வெயில் விழாது. அங்கே ஐந்து விரலும் அடுத்த பெயின்ட் அடிக்கும்வரை இருந்தன.

ஏன் இந்த வித்தியாசம் என்பதைப் பெயின்டர் அண்ணன் ஈரத் துணியை வைத்துக் காட்டினார். விலை குறைந்த பெயின்ட் அடித்த சுவரில் ஈரத் துணியை ஒற்றி எடுத்தால் அந்த இடம் சட்டென்று இருண்டு, காய்ந்ததும் பழைய நிறத்துக்கு வரும். ஹால் சுவரில் தண்ணீர் மேலேயே நிற்கும், நிறம் அவ்வளவாக மாறாது. விலை குறைந்ததில் சுண்ணாம்புக்கல் மாவு மாதிரி நிரப்புப் பொடிகள் அதிகம், அவற்றைப் பிடித்து வைக்கும் பிசின் குறைவு. காய்ந்த பிறகு பொடிக்கும் பொடிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிற்கும். எண்ணெயும் மஞ்சளும் அதில்தான் இறங்குகின்றன. விலை கூடியதில் பிசினும், நல்ல வெள்ளைக்கு உரிய டைட்டானியம் டை ஆக்சைடும் கூடுதல். அந்த இரண்டுக்கும்தான் நாம் காசு கொடுக்கிறோம்.

இனி ஏமாந்த இடம். ஹாலின் பின்சுவர் வயலைப் பார்த்தது. வருஷா வருஷம் ஆகஸ்ட் 15 வாக்கில் வாய்க்காலில் தண்ணீர் விட்டால் எங்கள் கிணறும் ஏறும், கொஞ்ச நாளில் அந்தச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஓதமும் (மண்ணிலிருந்து சுவர் உறிஞ்சும் ஈரம்) ஏறும். டிஸ்டம்பர் இருந்த காலத்தில் அது மாவாக உதிரும், கூட்டித் தள்ளிவிடுவோம். 490 ரூபாய் பெயின்ட் அடித்த அதே வருஷம் அங்கே கொப்புளம் கொப்புளமாக எழும்பியது. ஒன்றை நகத்தால் கீறினேன். தோல் மாதிரி உரிந்து வந்தது, உள்ளே பஞ்சு போல உப்பு பூத்திருந்தது. சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே வர வழி தேடுகிறது. மேலே இறுக்கமான படலம் போட்டால் அது படலத்தைத் தள்ளிக்கொண்டுதான் வரும். டப்பாவில் உத்தரவாதம் என்று பெரிதாகப் போட்டிருந்ததால் கடையில் கேட்டோம். ஓதம் உள்ள சுவருக்கு அது பொருந்தாது என்றார்கள். வாங்குகிற அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும். பின்சுவர் ஓதச் சுவர் என்று நாங்கள் முதலிலேயே சொல்லித்தான் வாங்கினோம், அதனால் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.

இன்னொரு குறையும் உண்டு. லேசான மினுமினுப்பு உள்ள பெயின்ட் சுவரின் மேடு பள்ளத்தை மறைக்காது. காலை வெயில் பக்கவாட்டில் விழும்போது பட்டி தேய்த்த கரண்டித் தடம் வரிவரியாகத் தெரிகிறது. ஆணி அடித்த ஓட்டையை அடைத்து, மிச்சம் வைத்திருந்த அதே டப்பா பெயின்டைத் தொட்டு வைத்தாலும் அந்த இடம் தனியாகத் தெரியும். படுக்கை அறையின் மங்கல் பெயின்டில் அப்படித் தொட்டு வைத்தது தெரியவே இல்லை. அதனால் பட்டி வேலைக்கும் உப்புத்தாள் தேய்ப்புக்கும் காசு ஒதுக்க முடியாதவர்கள் விலை கூடிய பெயின்டை வாங்கவே வேண்டாம் என்பேன்.

சீலிங் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கடைக்காரர் அதற்கும் நல்லதையே எடுக்கச் சொன்னார். பெயின்டர் அண்ணன்தான், "அம்மணி, சீலிங்க யாரு தொடப் போறாங்க, அதுக்கு இதே போதுமுங்க" என்று தடுத்தார். எட்டு வருஷம் கழித்தும் ஒட்டடை அடிப்பதோடு சரி. மூட்டை அறையின் டிஸ்டம்பரும் அப்படித்தான், அந்த அறைக்கு அது போதும்.

காசுக் கணக்குக்கு வருகிறேன். ஹாலுக்கு இரண்டு கோட்டுக்கு ஐந்து லிட்டர் பிடித்தது. 170 ரூபாய் பெயின்டை அடித்திருந்தால் 1,600 ரூபாய் மிச்சமாகியிருக்கும். ஆனால் பட்டி, பிரைமர், பெயின்ட் எல்லாம் சேர்த்து இரண்டு ஆள் நாலு நாள், ஆளுக்கு 700 ரூபாய் கூலி என்று ஹாலுக்கு மட்டும் 5,600 ரூபாய் ஆனது. எந்த டப்பா என்றாலும் இந்தக் கூலி மாறாது. படுக்கை அறைகளை 2023இல் மறுபடி அடிக்க வேண்டி வந்தபோது கூலி ஏறியிருந்தது. கட்டில், பீரோவை நகர்த்திய பாடு வேறு. ஹாலில் பின்சுவர் தவிர வேறெதையும் இன்றுவரை தொடவில்லை. (நாங்கள் முதலில் வாங்கியபோது பெயின்டுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம். அதே வருஷம் ஜூலையில் 18 ஆகக் குறைத்தார்கள். ஆறு மாதம் பொறுத்திருக்கலாம்தான், ஆனால் பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வீடு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று அத்தைக்கு ஆசை.)

2023இல் பிள்ளைகள் அறைக்கு மட்டும் ஹாலில் அடித்த ரகத்தையே அடித்தோம். "விலை கூடினதுலதாங்க ஈயம் இருக்காது, பிள்ளைக ரூமுக்கு இதையே எடுங்க" என்று கடையில் சொன்னார்கள். அந்தக் காரணத்துக்காக நான் எடுக்கவில்லை. வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பர் 1 முதல் நம் நாட்டில் நடப்பில் இருக்கிறது, அது விலை குறைந்த டப்பாவுக்கும் சேர்த்துத்தான். நான் எடுத்தது கிரேயான் கிறுக்கலுக்காக. ஈரத் துணியில் சமையல் சோடா கொஞ்சம் தொட்டு மெல்லத் தேய்த்தால் கிறுக்கல் போகிறது. எங்கள் படுக்கை அறைக்கு மறுபடி விலை குறைந்ததையே அடித்தோம், கட்டிலை மட்டும் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளிப் போட்டுவிட்டோம்.

பின்சுவரை இந்த வருஷம் கையில் எடுத்திருக்கிறோம். இடுப்பு உயரத்துக்குப் பழைய பூச்சைக் கொத்தி எடுத்தாகிவிட்டது. செங்கல் இன்னும் கருத்துத்தான் கிடக்கிறது. தினமும் காலையில் உள்ளங்கையை வைத்துப் பார்க்கிறேன், சில்லென்று இருக்கிறது. அது காய்ந்த பிறகு பூச்சு, பூச்சு காய ஒரு மாதம், அதற்கப்புறம்தான் பட்டி என்று பெயின்டர் அண்ணன் சொல்லிவிட்டார். டப்பா இன்னும் வாங்கவில்லை.