பஸ் போன தெருவில் வேன் பிழைக்குமா? ஒரு நியூயார்க் கணக்கு

2010 ஜூன் 27. நியூயார்க்கில் இரண்டு சப்வே (சுரங்க ரயில்) தடங்களும் பல பஸ் தடங்களும் ஒரே நாளில் நின்றன. நகரப் போக்குவரத்தை நடத்தும் எம்.டி.ஏ.வின் பட்ஜெட்டில் கிட்டத்தட்ட 80 கோடி டாலர் துண்டு விழுந்திருந்தது. ஆள் குறைவாக ஏறும் பஸ்கள்தான் முதலில் வெட்டுப்பட்டன. அந்தக் கோடையிலேயே மேயர் ப்ளூம்பெர்க் நிர்வாகம் ஒரு மாற்றுவழி சொன்னது. டாக்சிகளுக்கு லைசென்ஸ் கொடுக்கும் டி.எல்.சி. ஆணையம், நின்றுபோன தடங்களில் ஐந்தைத் தனியார் வேன்காரர்களிடம் விடும். நகரின் ப்ரூக்ளின் பகுதியில் பி23, பி39, பி71. குயின்ஸ் பகுதியில் க்யூ74, க்யூ79. டிக்கெட் 2 டாலர். அரசு மானியம் கிடையாது.

கேட்கும்போது நல்ல யோசனையாகத்தான் தெரிகிறது. பஸ்ஸில் அப்போது 2.25 டாலர், ஆக வேன் கால் டாலர் மலிவு. தெருவுக்கு மறுபடி ஒரு வண்டி கிடைக்கிறது, ஓட்டுநருக்குப் பிழைப்பு கிடைக்கிறது, நகரத்துக்குச் செலவில்லை. ஆனால் அது சில மாதங்களிலேயே ஓய்ந்துவிட்டது. ஏறுவதற்கு ஆள் இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே ப்ரூக்ளினின் ஃப்ளாட்புஷ் அவென்யூவில் அதே மாதிரி வேன்கள் 1980 முதல் ஓடிக்கொண்டிருந்தன, இன்றும் ஓடுகின்றன. ஒரே ஊர், ஒரே அளவு வண்டி, ஏறக்குறைய ஒரே கட்டணம். ஒன்று செத்தது, ஒன்று செழித்தது. பஸ்ஸையும் இந்த இரண்டு வகை வேன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் காரணம் புரியும்.

முதலில் டிக்கெட். 25 சென்ட் மலிவு என்பது தனியாக வேனில் மட்டும் போய் இறங்குகிறவருக்குத்தான். பி23 பஸ்ஸில் வந்து கோர்ட்டெல்யூ ரோட்டில் ரயில் பிடித்து மன்ஹாட்டன் போகிறவரை எடுத்துக்கொள்வோம். பஸ்ஸுக்கும் சப்வேக்கும் பொதுவான டிக்கெட் அட்டையான மெட்ரோகார்டைத் தேய்த்தால், பஸ்ஸிலிருந்து சப்வேக்கு மாறுவது அப்போது இலவசம். 1997 முதலே அப்படித்தான். அவருக்கு மொத்தச் செலவு 2.25. வேனில் மெட்ரோகார்டு செல்லாது. ஆகவே வேனுக்கு 2, ரயிலுக்கு 2.25, மொத்தம் 4.25. மாதாந்திர கார்டு வைத்திருந்தவர் நிலைமை இன்னும் மோசம். அன்றைக்கு அதன் விலை 89 டாலர். மாதம் 22 வேலை நாள், போக வர வேனுக்கு 4 டாலர் என்றால் கூடுதலாக 88 டாலர் ஆகிறது. போக்குவரத்துச் செலவே இரண்டு மடங்கு! முதியோருக்கான பாதிக் கட்டணமும் பள்ளிப் பிள்ளைகளின் இலவச கார்டும் அதே மெட்ரோகார்டில்தான் இருந்தன என்பதால் அவர்களுக்கும் வேனில் சலுகை இல்லை. பகல் வேளையில் இந்த மாதிரிப் பஸ்களில் யார் ஏறியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஃப்ளாட்புஷ் வேனிலும் மெட்ரோகார்டு செல்லாதுதான். அங்கே மட்டும் எப்படி ஆள் ஏறுகிறது? இங்கேதான் விஷயம் இருக்கிறது.

நம்ம ஊர் ஷேர் ஆட்டோக்காரர் எங்கே நிற்கிறார் என்று கவனித்திருப்பீர்கள். பஸ் ஸ்டாப்புக்குப் பத்தடி தள்ளி. பஸ்ஸுக்காகக் கூடிய கூட்டத்தில் அவசரக்காரர்களை மட்டும் அள்ளிக்கொண்டு போவார். கூட்டத்தைச் சேர்த்துக் கொடுப்பது பஸ், அறுவடை ஆட்டோவுக்கு. ஃப்ளாட்புஷ்ஷிலும் இதே கதைதான். அங்கே பி41 பஸ் ஓடுகிறது, ஸ்டாப்பில் எப்போதும் ஆள் நிற்கும். பஸ்ஸுக்கு முன்னால் வேன் வந்து ஹாரன் அடிக்கும், கை காட்டினால் நிற்கும், ஏறிக் காசை நீட்டினால் போதும். அடுத்த வேன் ஓரிரு நிமிடத்தில் வரும். வராவிட்டால் பின்னாலேயே பஸ் இருக்கிறது. பயணிக்கு எந்தப் பக்கமும் நஷ்டமில்லை. 1980 ஏப்ரலில் 11 நாள் போக்குவரத்து வேலைநிறுத்தம் நடந்தபோது கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்கள் சொந்த வண்டியில் ஆள் ஏற்றத் தொடங்கினார்கள். தங்கள் ஊரில் பார்த்துப் பழகிய வழக்கம் அது. ஒரு டாலர் வாங்கியதால் ‘டாலர் வேன்’ என்று பெயர். விலை ஏறிய பிறகும் பெயர் மாறவில்லை.

சரி, நின்றுபோன க்யூ79 தடத்துக்கு வருவோம். லிட்டில் நெக் பார்க்வே, தனி வீடுகளும் கார்களும் உள்ள குயின்ஸின் கிழக்கு ஓரம். சுற்றுவட்டாரத்தில் நம் நாட்டுக் குடும்பங்களும் நிறைய. பஸ் நின்ற மறுநாளே ஸ்டாப்பில் கூடும் கூட்டமும் போய்விட்டது. ஒருவர் மகன் காரில் போனார், ஒருவர் அடுத்த தெருப் பஸ்ஸுக்கு நடந்தார், ஒருவர் வேலை நேரத்தையே மாற்றிக்கொண்டார். வேன் வந்தபோது ஸ்டாப்பில் யார் இருக்கிறார்கள்? ஒரு ட்ரிப்பில் 14 பேர் ஏறினால் 28 டாலர். நாலு பேர் ஏறினால் 8 டாலர். பெட்ரோல், இன்ஷூரன்ஸ், ஓட்டுநர் கூலி எல்லாம் அந்த எட்டு டாலரில். ஆள் சேரும்வரை வேன்காரர் காத்திருப்பார். வேன் கிளம்பாததால் ஆள் காத்திருக்க மாட்டார். இந்தச் சுழலில் மாட்டினால் எவ்வளவு கெட்டிக்கார முதலாளியும் ரெண்டு வாரத்தில் வண்டியை வேறு தெருவுக்குத் திருப்பிவிடுவார். பஸ் ஓட்டிய எம்.டி.ஏ.வாலேயே நஷ்டம் தாங்க முடியாத தடத்தில், மானியமே இல்லாமல் ஒருவர் லாபம் பார்ப்பார் என்று எதிர்பார்த்ததுதான் எனக்குப் புரியவேயில்லை.

சட்டம் வேறு இதற்கு நேர் எதிர்த்திசையில் நின்றது. அன்றைய விதிப்படி லைசென்ஸ் வாங்கிய வேன், பஸ் ஓடும் தடத்தில் ஆள் ஏற்றக் கூடாது. முன்பதிவு செய்தவரைத்தான் ஏற்ற வேண்டும், கைகாட்டுபவருக்கு நிறுத்தக் கூடாது. அதாவது வேன் பிழைக்கும் தெருவில் தடை, வேன் பிழைக்காத தெருவில் அனுமதி. ஃப்ளாட்புஷ்ஷில் ஓடிய வேன்கள் தினசரி இந்த விதியை மீறித்தான் ஓடின, அபராதமும் கட்டின. லைசென்ஸே இல்லாதவர்களும் அதே தெருவில் போட்டிக்கு வந்தார்கள். முறையாக இன்ஷூரன்ஸ் கட்டுகிறவருக்கு இரட்டை அடி.

டாலர் வேனைப் புகழ்ந்து தள்ளுகிறவர்கள் ஒன்றைச் சொல்வதில்லை. சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்ற நியூயார்க் பஸ் ஒவ்வொன்றிலும் வசதி உண்டு. வேன்களில் பெரும்பாலும் கிடையாது. முழங்கால் வலியுள்ள பாட்டி பின் சீட்டுக்குக் குனிந்து நுழைவதும் லேசான காரியமில்லை. அந்த வகையில் பி39 நல்ல உதாரணம். வில்லியம்ஸ்பர்க் பாலத்தைத் தாண்டி மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைடுக்குப் போன பஸ் அது. அதே பாலத்தில் ரயிலும் ஓடுகிறது. அப்புறம் எதற்குப் பஸ் என்று அதிகாரிகள் கேட்டது நியாயமாகத் தோன்றலாம். ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் எஸெக்ஸ் ஸ்ட்ரீட் நிலையத்தில் அப்போது லிஃப்ட் இல்லை. படி ஏற முடியாதவருக்கு ரயில் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

மூன்றாவதாக ஒரு வகை பிறகு வந்தது: நகரமே காசு கொடுத்து நடத்தும், போனில் கூப்பிட்டால் வரும் வேன். டெக்சஸின் ஆர்லிங்டன் தன்னிடம் இருந்த ஒரே பஸ் தடத்தை 2017 கடைசியில் நிறுத்திவிட்டு வியா நிறுவனத்தின் வேன்களுக்கு மாறியது. வட கரோலினாவின் வில்சன் என்ற சிறு நகரம் 2020 செப்டம்பரில் பஸ்களை மொத்தமாக நிறுத்தி அதே வழிக்குப் போனது. தொடக்கத்தில் ஒரு பயணம் 1.50 டாலர். இங்கே வேன் உண்மையாகவே பஸ்ஸின் இடத்தைப் பிடித்தது. மானியம் இருந்தது, வீடுகள் சிதறிக் கிடந்தன, மாறி ஏற வேறு ரயிலோ பஸ்ஸோ இல்லாததால் மெட்ரோகார்டுச் சிக்கலும் எழவில்லை. இதற்கும் ஒரு விலை உண்டு. ஓடுகிற பஸ்ஸில் பதினைந்தாவது ஆள் ஏறினால் நகரத்துக்குக் கூடுதல் செலவு ஏதும் இல்லை. கூப்பிட்டால் வரும் வேனில் ஆள் கூடக் கூட வண்டியும் ஓட்டுநரும் கூட வேண்டும். கூட்டம் பெருகினால் பஸ்ஸுக்குக் கொண்டாட்டம், இந்த வேனை நடத்தும் நகராட்சிக்குத் திண்டாட்டம். ஐம்பதாயிரம் பேர் வாழும் வில்சனுக்கு இது கட்டுப்படியாகும். ப்ரூக்ளினுக்கு ஆகாது.

நியூயார்க்கில் வெட்டிய தடங்களில் சில திரும்பி வந்தன. பி39 பஸ்ஸாகவே 2013 ஜனவரியில் வந்தது. க்யூ79 பெயர் போனாலும் க்யூ36 பஸ்ஸின் ஒரு கிளை லிட்டில் நெக் பார்க்வேக்கு நீண்டது. பி23 வரவில்லை.

நானாக இருந்தால், காலை எட்டரை மணிக்கு ஃப்ளாட்புஷ்ஷில் வேனுக்குக் கை காட்டுவேன். வில்சனில் போனை எடுப்பேன். லிட்டில் நெக் பார்க்வேயில் என்றால் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துக்கொண்டு, அதற்கு ஐந்து நிமிடம் முன்னால்தான் வீட்டைவிட்டுக் கிளம்புவேன்.