பூச்சியத்துக்கு முன்னால் ஓர் இடைவெளி: மூன்றாம் வகுப்புக்கு வாங்கிய நான்கு ஸ்கேல்கள்

மண்டபம் என்ற கடலோர ஊருக்கு மேற்கே, வகுப்பறையில் இருந்தபடியே படகு இன்ஜின் சத்தம் கேட்கும் ஓர் ஊரில் நான் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நீளத்தை அளக்கும் பாடம் தொடங்கும் முன், இராமநாதபுரத்தில் நாங்கள் வழக்கமாகப் பொருள் எடுக்கும் எழுதுபொருள் கடையில் நான்கு வகை அளவுகோல்களை என் கைக்காசில் வாங்கினேன்: 15 செ.மீ. பிளாஸ்டிக் ஸ்கேல் 25 கொண்ட ஒரு கட்டு, 30 செ.மீ. மர ஸ்கேல் ஐந்து, எஃகு ஸ்கேல் ஐந்து, தையல்காரர் டேப் இரண்டு. ஓர் ஆண்டு முழுவதும் பத்தொன்பது பிள்ளைகளின் கையில் இவை பட்ட பாட்டைப் பார்த்த பிறகு எழுதுகிறேன். ஸ்கேல் வாங்கப் போகும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் இது பயன்படலாம்.

முதலில் பிளாஸ்டிக் ஸ்கேல். இதைப் பற்றி ஆசிரியர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை, பூச்சியக் கோடு ஸ்கேலின் ஓரத்தில் இல்லாமல் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி இருக்கிறது, அதனால் பிள்ளைகள் குழம்புகிறார்கள் என்பது. குழம்பத்தான் செய்கிறார்கள். முதல் நாள் பென்சிலை அளக்கச் சொன்னபோது பாதிப் பேர் ஸ்கேலின் ஓரத்தில் இருந்து அளந்தார்கள். நாலைந்து பேர், எண்ணுவது ஒன்றில்தான் தொடங்கும் என்ற பழக்கத்தில், 1 என்ற கோட்டில் பென்சிலின் நுனியை வைத்தார்கள். ஆனால் அந்த இடைவெளியைக் குறை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1799இல் பிரான்சில் செய்த பிளாட்டினம் மீட்டர் கட்டையில் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடைப்பட்ட தூரமே மீட்டராக இருந்தது. முனை தேய்ந்தால் அளவும் தேயும். 1889இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு மீட்டர் கட்டையையோ மீட்டரைவிடச் சற்று நீளமாகச் செய்து, முனைகளை விட்டு உள்ளே இரண்டு கோடுகளைப் பொறித்து, அந்தக் கோடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தை மீட்டர் என்றார்கள். ஐந்து ரூபாய் பிளாஸ்டிக் ஸ்கேலின் அந்த இடைவெளியும் இதே வேலையைத்தான் செய்கிறது. பைக்குள் புத்தகத்தோடு இடிபட்டும், சிமெண்டுத் தரையில் விழுந்தும், சில நேரம் பல்லில் கடிபட்டும் ஓரம் உடைந்தாலும் பூச்சியக் கோடு பிழைத்துக்கொள்கிறது.

ஓரத்தில் தொடங்கும் எஃகு ஸ்கேலை முதலில் கொடுத்திருந்தால் அன்றைய பாடம் சுலபமாக முடிந்திருக்கும் என்பது உண்மை. ஆனால் பிள்ளை கற்றுக்கொள்வது ‘முனையில் வை, மறுமுனையில் தெரியும் எண்ணைப் படி’ என்ற கைப்பழக்கமாகவே நின்றிருக்கும். ஸ்கேலில் உள்ள எண் என்பது கோட்டின் பெயர் அன்று, பூச்சியத்தில் இருந்து அதுவரை எத்தனை இடைவெளிகள் கடந்தன என்பதற்கான கணக்கு என்று புரிய வேண்டுமானால், தொடங்கும் இடத்தைப் பிள்ளையே தேட வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேல் தேட வைக்கிறது.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வசதி உண்டு. கோடுகளை எண்ணிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம், “வலையில எதைடா எண்ணுவாங்க, முடிச்சையா கண்ணியையா?” என்று கேட்டேன். “கண்ணியத்தான் டீச்சர்” என்று பின்வரிசையில் இருந்து உடனே பதில் வந்தது. கோடுதான் முடிச்சு, முடிச்சுகளுக்கு நடுவே உள்ள சென்டிமீட்டர்தான் கண்ணி என்று சொன்னபின், அதுவரை ஒன்று கூடுதலாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் பெரும்பாலோர் தாமாகத் திருத்திக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும் பூச்சியத்தையும் ஒரு கண்ணியாக எண்ணிக்கொண்டிருந்தாள். அவளுக்காக முனை உடைந்து 3இல் தொடங்கும் ஸ்கேல் ஒன்றை எடுத்துக் கொடுத்து, 3இல் இருந்து 10 வரை கிடந்த ரப்பர்க் குழாய்த் துண்டை அளக்கச் சொன்னேன். முதலில் 10 என்றாள், பிறகு 8 என்றாள், கடைசியில் ஒவ்வோர் இடைவெளியிலும் விரலை வைத்து நகர்த்தி 7 என்றாள். உடைந்த ஸ்கேலைத் தூக்கி எறிய வேண்டாம். அதைவிட நல்ல கற்பித்தல் கருவி அந்தக் கட்டில் வேறு இல்லை.

இனி என் மனக்குறை. ஒரு நாள் அருகருகே இருந்த இருவர் ஒரே பென்சிலை அளந்து, ஒருவன் 14.2 என்றும் மற்றவன் 14 என்றும் எழுதினார்கள். ஒழுங்காக வைக்கவில்லை என்று முதலாமவனைக் கடிந்துகொண்டேன். “சரியாத்தான் டீச்சர் வெச்சேன்” என்று அவன் கண் கலங்கிய பிறகுதான் இரண்டு ஸ்கேல்களையும் பூச்சியத்தோடு பூச்சியம் பொருத்திப் பார்த்தேன். 5 வரை கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று நின்றன. 15இல் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் விலகி இருந்தன. கட்டு முழுவதையும் எஃகு ஸ்கேலோடு ஒப்பிட்டதில் ஆறு ஸ்கேல்கள் தப்பாக அச்சாகி இருந்தன. பார்வைக்கு எல்லாம் ஒரே மாதிரிதான். கடைக்காரர் மறுபேச்சின்றி மாற்றிக் கொடுத்தார், அதற்கு அவருக்கு நன்றி. தயாரித்தவர்களைத்தான் மன்னிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் சரியாக அளந்த பிள்ளையை நான் திட்டியிருக்கிறேன். வாங்கும்போதே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ.; அந்த நீளம் பாதியாகும்படி மடித்தால் 14.85. நல்ல ஸ்கேலில் மடித்த தாளின் ஓரம் 15க்கு ஒன்றரை மில்லிமீட்டர் முன்னால் நிற்க வேண்டும். பையில் தாள் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதை வைத்தும் பார்க்கலாம், ஆனால் அவ்வளவு சிறிய நீளத்தில் இந்த வகைப் பிழை அகப்படாது.

இந்த ஸ்கேலின் மறு ஓரத்தில் ஆறு அங்குலம் அச்சிட்டிருப்பதும் தொல்லைதான். ஆறு அங்குலம் என்பது 15.24 செ.மீ. என்பதால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் முடிகின்றன. ஸ்கேலைத் திருப்பிப் பிடித்த பிள்ளை ஏழரை சென்டிமீட்டரை 3 என்று எழுதிவிடுகிறது. நான் அந்தப் பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டினேன். ஒட்டிய மறுநாள் ஒரு தகப்பனார் வந்து, வத்தை என்கிற படகைக் கட்டுகிற ஆசாரி அடி, அங்குலக் கணக்கில்தானே பேசுகிறார், அதை ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டார். அந்தத் தகப்பனாரோ கடலில் ஆழத்தைப் பாகத்தில், அதாவது விரித்த இரு கைகளின் நீளத்தில், சொல்பவர். நியாயமான கேள்வி என்பதால், அங்குலத்தை ஐந்தாம் வகுப்பில் படிக்கட்டும் என்று சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

மர ஸ்கேலைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடிமன் மூன்று நான்கு மில்லிமீட்டர் இருப்பதால் கோடு பொருளின் மேல் படியாமல் உயரத்தில் நிற்கிறது; சாய்வாகப் பார்க்கும் பிள்ளை பக்கத்துக் கோட்டைப் படிக்கிறது. வியர்வைக் கையில் கறுப்பு மை அழிந்து, அரையாண்டுத் தேர்வுக்குள் முதல் இரண்டு சென்டிமீட்டர் வெறும் மரமாகிவிட்டது. கரும்பலகையில் கோடு போடுவதற்கு மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

எஃகு ஸ்கேல் மெல்லியது, கோடுகள் பொறிக்கப்பட்டவை, மை அழியும் கவலை இல்லை, கோடு பொருளை ஒட்டியே நிற்கிறது. துல்லியத்துக்கு இதுதான். ஆனால் கடற்காற்று யாருக்கும் இரக்கம் காட்டுவதில்லை. துருப்பிடிக்காது என்று அட்டையில் எழுதியிருந்தும் ஐந்தில் இரண்டு, கார்த்திகை முடிவதற்குள் ஓரத்தில் பழுப்பேறின. வாசல் வெயிலில் பளபளத்து எண்ணே தெரியாமல் போவதும் உண்டு, கூர்மையான மூலைகள் பட்டுப் பிள்ளைகளின் கை கீறுவதும் உண்டு. வகுப்புக்கு ஒன்று, மேசை இழுப்பறையில், மற்ற ஸ்கேல்களைச் சரிபார்ப்பதற்காக இருந்தால் போதும்.

தையல் டேப்பைப் பிள்ளைகள் விட்டுக் கொடுக்கவே மாட்டார்கள். தலையின் சுற்றளவு, தண்ணீர்க் குடத்தின் வயிறு, ஒருவர் மற்றவரின் உயரம் என்று வளைந்ததையும் நீண்டதையும் அளக்க வேறு கருவி இல்லை. இதில் முனையில் உள்ள தகடும் அளவில் சேரும் என்பதால், ‘இதில் பூச்சியம் எங்கே?’ என்று பிளாஸ்டிக் ஸ்கேலில் பழகிய கண்ணே இங்கும் தேடியது. முழம் போட்டு அளந்த கயிற்றை டேப்பிலும் அளந்தோம். பத்தொன்பது பேரின் முழமும் பத்தொன்பது விதமாக வந்தது. என் முழம் 44 செ.மீ.

அளப்பதற்கு என்ன கொடுப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. பென்சிலுக்கும் தீப்பெட்டிக்கும் முனை தெளிவாக இருக்கும். ஒரு பையன் வீட்டில் இருந்து நெத்திலிக் கருவாடு கொண்டுவந்தான். வாலின் பிளவுவரை அளப்பதா, நுனிவரை அளப்பதா என்று வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. 7 என்று ஒரு கட்சி, ஏழே முக்கால் என்று மறு கட்சி. எங்கிருந்து எங்குவரை என்று முதலில் பேசி முடிவு செய்த பிறகுதான் ஸ்கேலைத் தொட்டார்கள். மேசையில் கருவாட்டு வாசம் இரண்டு நாள் போகவில்லை.

வரும் ஜூனுக்கு மறுபடி வாங்கப்போவது பிளாஸ்டிக் ஸ்கேல்தான், ஆனால் ஓரம் சரிவாக மெலிந்தது, ஒளி ஊடுருவுவது, ஏ4 தாளில் ஒவ்வொன்றாகச் சோதித்தது. மில்லிமீட்டர் கோடுகளே இல்லாமல் சென்டிமீட்டர் மட்டும் அச்சிட்ட ஸ்கேல் கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்திருக்கிறேன். அப்படி ஒன்றை யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். கிடைக்காவிட்டால், காய்ந்த பனை ஓலையை 15 செ.மீ. நீளத்துக்குச் சற்று மேலே நறுக்கி, முனையில் ஒரு விரல்கடை விட்டுப் பூச்சியம் போட்டுப் பிள்ளைகளே செய்துகொள்ளட்டும் என்று இருக்கிறேன். ஓலைக்கு எங்கள் பக்கம் பஞ்சமில்லை.