‘300 எக்ஸ்’ ஸ்பாட்டிங் ஸ்கோப் செட்: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

பொங்கல் நாள் பறவைக் கணக்கெடுப்பு நெருங்கினால் போதும், மலிவு விலை ஸ்பாட்டிங் ஸ்கோப் விளம்பரங்கள் கிளம்பிவிடும். தொலைவில் உள்ள பறவைகளைப் பார்க்க முக்காலியில் மாட்டும் ஒற்றைக்குழல் தொலைநோக்கிதான் ஸ்பாட்டிங் ஸ்கோப். ஸ்கோப், மூன்று ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் தொகுதி), உருப்பெருக்கத்தைக் கூட்டும் பார்லோ லென்ஸ், ஃபில்டர்கள், கைபேசி மாட்டும் கிளிப், முக்காலி எல்லாம் ஒரே பெட்டியில். சென்னையில் கடையும் இணையத்தில் விற்பனைப் பக்கமும் வைத்திருக்கும் ஒரு வியாபாரியிடம் 16,900 ரூபாய் கொடுத்து அப்படி ஒரு பெட்டியை வாங்கினேன். ஸ்கோப் மட்டும் என்றால் 9,800. மீதி 7,100 ரூபாய் துணைப்பொருள்களுக்கு. அந்த 7,100 ரூபாய் எதற்குப் போனது என்பதைத்தான் எழுதப் போகிறேன். கடையின் பெயரைச் சொல்லவில்லை. இதே பெட்டியை வேறு வேறு பெயர் ஒட்டிப் பலரும் விற்கிறார்கள் என்பதால், பெயர் தெரிந்து உங்களுக்குப் பெரிய பயன் இல்லை.

முதலில் அவசரமானது. இந்தப் பெட்டியில் மோதிர அளவில் இரண்டு சிறு கண்ணாடிகள் இருந்தன. ஒன்றில் ‘மூன்’, இன்னொன்றில் ‘சன்’ என்று எழுதியிருந்தது. ‘சன்’ என்பது கிட்டத்தட்டக் கறுப்பாக இருக்கும். ஐபீஸின் அடியில் திருகி மாட்டிக்கொண்டு சூரியனைப் பார்க்கலாமாம். இதே மாதிரி கண்ணாடி உங்கள் பெட்டியில் இருந்தால் இன்றே சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். ஸ்கோப்பின் முன்லென்ஸ் சேர்த்துக் குவிக்கும் சூரிய வெப்பம் முழுவதும் அந்தச் சின்னக் கண்ணாடியின் மேல் விழுகிறது. அது சூடேறி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிசல் விடலாம். விட்டால் அடுத்த நொடி வெயில் நேராக விழித்திரையில். விழித்திரைக்கு வலி தெரியாது. எரிந்த பிறகுதான் தெரியவரும். சூரியனைப் பார்ப்பதற்கான ஃபில்டர் எப்போதும் குழாயின் முன்வாயை முழுக்க மூடுவதாக இருக்க வேண்டும். பறவை பார்க்கும் கருவியோடு இதை ஏன் வைக்கிறார்கள் என்று கேட்டேன். “கிரகணத்துக்கு உதவும் சார், குழந்தைகள் விரும்பிப் பார்ப்பார்கள்” என்றார் கடைக்காரர். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் கங்கண கிரகணம் வருகிறது. அதற்குள் இந்தக் கண்ணாடி எத்தனை வீட்டுப் பரண்களில் போய் உட்கார்ந்திருக்குமோ!

இனி, பெட்டியில் அச்சிட்டிருந்த அந்த ‘300 எக்ஸ்’, அதாவது 300 மடங்கு உருப்பெருக்கம். ஸ்கோப்பின் குவியத் தூரத்தை ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வருவதுதான் உருப்பெருக்கம். இந்த ஸ்கோப்பின் குவியத் தூரம் 400 மி.மீ. உடன் வந்த ஐபீஸ்கள் 20, 10, 4 மி.மீ. ஆகவே 20, 40, 100 மடங்கு. 4 மி.மீ. ஐபீஸுக்கு முன்னால் மூன்று மடங்கு பார்லோவைச் செருகினால் 300. கணக்கு சரி, பொய் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்தவற்றில் உண்மையான எண் அது ஒன்றுதான். ஆனால் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

முன்லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்துப் பாருங்கள். ஐபீஸிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. 60 மி.மீ. ஸ்கோப்பில் 20 மடங்குக்கு 3 மி.மீ.; பகல் வெளிச்சத்தில் கண்மணி திறந்திருக்கும் அளவுக்கு ஏறக்குறையப் பொருந்துகிறது. 60 மடங்கில் 1 மி.மீ. ஆகிவிடும், படம் மங்கும், ஆனாலும் நல்ல வெயிலில் சமாளிக்கலாம். 300 மடங்கில் 0.2 மி.மீ. அதில் தெரிவது பறவை அல்ல, உங்கள் சொந்தக் கண்ணுக்குள் மிதக்கும் தூசி நிழல்கள். காட்சிப் பரப்பும் அப்படியே சுருங்கும். இந்த ஐபீஸ்களில் 20 மடங்கில் நூறு மீட்டர் தொலைவில் மூன்றரை மீட்டர் அகலம் தெரிகிறது என்றால், 300 மடங்கில் ஒரு சாண் அளவுதான் தெரியும். பூநாரையின் கழுத்தில் எந்தப் பகுதியைப் பார்க்கிறோம் என்றே தெரியாமல் பார்க்கலாம்.

பள்ளிக்கரணையில் 200 அடிச் சாலை ஓரமாக நின்று பார்ப்பவர்களுக்கு இன்னொன்றும் தெரிந்திருக்கும். வெயில் ஏறியதும் சதுப்பின் மேல் காற்று நெளியத் தொடங்கிவிடும். அப்போது எவ்வளவு விலை உயர்ந்த ஸ்கோப்பிலும் 40 மடங்குக்கு மேல் போனால் நெடுங்கால் உள்ளான் பறவையின் கால்கள் தண்ணீரில் கரைவது போல ஆடும். நம் ஊர் ஈரநிலங்களில் பெரும்பாலான நேரம் 20 முதல் 40 மடங்குக்குள்தான் வேலை. கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் வளையமும் கொடியும் மாட்டிவிட்ட உள்ளான்களின் காலில் இருக்கும் எழுத்தைப் படிக்க 50, 60 தேவைப்படலாம். அதுவும் விடிந்த கொஞ்ச நேரத்துக்குத்தான்.

இதையெல்லாம் வாங்குவதற்கு முன்பே தெரிந்துவைத்திருந்ததால், 300 எக்ஸைப் பொருட்படுத்தாமல் மற்றவற்றைப் பற்றி எழுத்திலேயே கேட்டிருந்தேன். ஐபீஸ்கள் பிளாசல் (நான்கு லென்ஸ் கொண்ட நல்ல அமைப்பு) வகையா? “ஆம்.” எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு (ஒளி பட்டுத் திரும்பி வீணாவதைக் குறைப்பது) உண்டா? “ஆம்.” கண்ணாடி அணிந்தவர் பார்க்க முடியுமா? “தாராளமாக, சார்.” முக்காலி எவ்வளவு எடை தாங்கும்? “மூன்று கிலோ.” நான்கு பதில்களும் இன்னும் என் கைபேசியில் இருக்கின்றன.

பெட்டி வந்ததும் ஐபீஸின் உலோகக் கழுத்தைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். 20 மி.மீ. ஐபீஸில் ‘எச்’ என்ற எழுத்தும், 4 மி.மீ. ஐபீஸில் ‘எஸ்.ஆர்.’ என்ற எழுத்துகளும் பொறித்திருந்தன. எச் என்றால் ஹைகன்ஸ். 17ஆம் நூற்றாண்டின் அமைப்பு, இரண்டே லென்ஸ். எஸ்.ஆர். என்பது ராம்ஸ்டன் வகை, அதுவும் இரண்டு லென்ஸ்தான். பிளாசலில் நான்கு இருக்கும். ஹைகன்ஸ் அமைப்பு மிக நீளமான பழைய தொலைநோக்கிகளுக்குச் சரி. குட்டையான ஸ்கோப்பில் மாட்டினால் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெளிவு இருக்கும். சுற்றிலும் கலங்கல், ஓரத்தில் நீலமும் மஞ்சளுமாகக் கரை. பூச்சு இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எளிது. அறை விளக்கின் பிம்பம் லென்ஸில் விழுமாறு பிடியுங்கள். பச்சையாகவோ ஊதாவாகவோ மங்கலாகத் தெரிந்தால் பூச்சு உண்டு. பளிச்சென்று வெள்ளை விளக்கு தெரிந்தால் வெறும் கண்ணாடி. எனக்கு வெள்ளை விளக்குதான் தெரிந்தது.

முன்லென்ஸில் கண்ணைப் பறிக்கும் சிவப்புப் பூச்சு. அதைப் பார்த்து மயங்க வேண்டாம். சிவப்பு ஒளியை அது வெளியே திருப்பி அனுப்புவதால்தான் சிவப்பாகத் தெரிகிறது. உள்ளே போவது பச்சையும் நீலமும். உப்புக்கொத்திப் பறவையின் மார்பில் செம்பழுப்புத் தொடங்கிவிட்டதா, இல்லையா என்பதை வைத்து இனம் பிரிக்கும் நமக்கு இது என்ன கேடு என்று விளக்க வேண்டியதில்லை.

4 மி.மீ. ஐபீஸில் பார்க்க வேண்டுமானால் இமைமுடி லென்ஸைத் துடைக்கும் அளவுக்குக் கண்ணைக் கொண்டுபோய் ஒட்ட வேண்டும். மூக்குக்கண்ணாடியோடு பார்க்க ஐபீஸிலிருந்து குறைந்தது 15 மி.மீ. விலகியிருந்தாலும் முழுக் காட்சி தெரிய வேண்டும். நல்ல பிளாசலிலேயே இந்தத் தூரம் அதன் குவியத் தூரத்தில் முக்கால் பங்கு அளவுதான். ஆகவே 10 மி.மீ. பிளாசல்கூடக் கண்ணாடிக்காரர்களுக்கு உதவாது. “தாராளமாக, சார்” என்று எழுதியவர் கண்ணாடி அணியாதவராக இருக்க வேண்டும்.

அடுத்தது, எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைத்த விஷயம். ‘60 மி.மீ. முன்லென்ஸ்’ என்று குழாயிலேயே பொறித்திருக்கிறது. குறைந்த உருப்பெருக்க ஐபீஸை மாட்டி, தொலைவில் குவியம் வைத்துவிட்டு, இருட்டறையில் ஐபீஸ் பக்கம் சற்றுத் தள்ளி ஒரு டார்ச்சைப் பிடித்தேன். முன்வாயில் எண்ணெய்க் காகிதத்தை ஒட்டிவைத்தேன். காகிதத்தில் விழுந்த ஒளிவட்டத்தை ஸ்கேலால் அளந்தால் 43 மி.மீ. டார்ச்சை முன்பக்கமாகக் கொண்டுபோய் உள்ளே அடித்துப் பார்த்தேன். லென்ஸுக்குப் பின்னால் சில விரற்கடைத் தொலைவில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வளையம். லென்ஸின் ஓரப் பகுதி மோசமாகத் தேய்க்கப்பட்டிருப்பதை மறைக்க, அந்த ஓரத்தையே பயன்படாமல் அடைத்து வைத்திருக்கிறார்கள். 60க்கு 43 என்றால் ஒளியில் ஏறக்குறையப் பாதி போயிற்று. 60 மி.மீ. காசு கொடுத்து, ஒரு சாதாரணப் பைனாகுலரின் ஒரு பக்கத்தை வாங்கி வந்திருக்கிறேன். இந்த டார்ச் சோதனைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது. கடையிலேயே செய்து காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

முக்காலி பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. புகைப்படக் கேமராவுக்கான மெல்லிய அலுமினியக் கால்கள், பிளாஸ்டிக் தலை. கைப்பிடியை இறுக்கிவிட்டுக் கையை எடுத்தால் ஸ்கோப் மெல்லத் தலைகுனியும். பழவேற்காட்டுக் கடற்காற்றில் 40 மடங்கில் எந்தப் பறவையும் நிலையாக நிற்கவில்லை. கைபேசி கிளிப்பை மாட்டியதும் மொத்த எடையும் ஐபீஸைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகில் தொங்குகிறது. திருகு ஐபீஸின் கழுத்தில் பள்ளம் போட்டுவிட்டது. இரண்டு மூன்று கேமராக்கள் உள்ள கைபேசியில், நீங்கள் பொருத்திய லென்ஸை விட்டுவிட்டு அது தானாக வேறொரு லென்ஸுக்குத் தாவும். திரை இருண்டுவிடும். கிளிப்பின் குற்றம் அல்ல என்றாலும், விற்பவர் சொல்லியிருக்கலாம்.

இதே பணத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு என் கருத்து இது. குறைந்த விலை ஸ்கோப்பில் ஜூம் ஐபீஸோடு வருவதை எடுத்தால், 20 மடங்கில் சாவித் துவாரம் வழியே பார்ப்பது போலக் குறுகலாக இருக்கும். கூட்டத்தில் கொசு உள்ளானைத் தேடுவது வேதனை. வானியல் தொலைநோக்கிகளில் வழக்கமாக உள்ள ஒன்றே கால் அங்குல ஐபீஸ்களை ஏற்கும் ஸ்கோப்பாக இருந்தால், 25 மடங்கு தரும் அகலக் காட்சி ஐபீஸ் ஒன்று போதும். 400 மி.மீ. குழாய்க்கு 16 மி.மீ. அல்லது அதை ஒட்டிய அளவு. நாணல் ஓரத்தில் ஒதுங்கியிருப்பதைத் தேடவும் முடியும், கருவால் மூக்கனையும் பட்டைவால் மூக்கனையும் பிரிக்கவும் முடியும். ஆனால் வானியல் கடையில் விற்கும் எல்லா ஐபீஸும் எல்லா ஸ்கோப்பிலும் குவியாது. உள்ளே இருக்கும் பட்டகம் ஒளிப்பாதையின் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வதால், சில ஐபீஸ்களில் குமிழை முடிவுவரை திருப்பினாலும் தொலைவு தெளியாது. பக்கத்துத் தெரு விளம்பரப் பலகையைப் பார்த்துத் திருப்தி அடையாமல், தொலைவில் உள்ள கோபுரத்தையோ செல்போன் டவரையோ தெளிவாகக் காட்டச் சொல்லுங்கள். ஒளியை மடக்கி ஐபீஸுக்கு அனுப்பும், நட்சத்திரம் பார்ப்பதற்கான மூலைக் கண்ணாடியையும் நம் தலையில் கட்டப் பார்ப்பார்கள். அதில் இடம் வலமாகத் தெரியும். பறக்கும் பறவையைத் தொடரவே முடியாது.

மீதிப் பணம் முழுவதையும் முக்காலித் தலையில் போடுங்கள். வீடியோ எடுப்பவர்கள் பயன்படுத்தும் எண்ணெய்த் தலை மெதுவாக, குதிக்காமல் நகரும். ஒரே பிடியைத் தளர்த்தினால் எல்லாப் பக்கமும் ஆடும் பந்துத் தலை வேண்டவே வேண்டாம். பார்லோ எதற்கும் தேவையில்லை. முன்லென்ஸைக் காக்க என்று விற்கும் மலிவு யு.வி. ஃபில்டரும் படத்தைக் கெடுக்கும், மூடி போதும். சென்னை ஈரத்துக்குக் காற்றுப்புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம். இல்லாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்துவிடும். முடிந்தால் வாங்குவதற்கு முன் மெட்ராஸ் இயற்கையாளர் சங்கத்தார் போன்றவர்கள் போகும் நடையில் சேர்ந்து, அவர்கள் ஸ்கோப்பில் ஒருமுறை கண் வையுங்கள். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

வியாபாரியோடு நடந்தது சுருக்கமாக. பொருளைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். “சீல் உடைத்துவிட்டீர்களே சார், திருப்பி எடுக்க முடியாது” என்றார். சீலை உடைக்காமல் டார்ச் அடிப்பது எப்படி என்ற கேள்விக்குப் பதில் இல்லை. துணைப்பொருள்கள் பற்றிக் கேட்டால், “அவை இலவசம், அவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது” என்றார். அவருடைய விற்பனைப் பக்கத்திலேயே செட் இல்லாமல் 9,800, செட்டோடு 16,900 என்று போட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பியதும் பேச்சு நின்றது. பில்லில் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டிருந்ததன் காரணம் அப்போதுதான் விளங்கியது. சமாதானமாக, எட்டு ஐபீஸ் உள்ள பெரிய செட் தருகிறேன் என்றார்!

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிந்தேன். இணைய விற்பனைக்கான 2020ஆம் ஆண்டு விதிகளின்படி, விற்பனைத் தளம் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். இதைக் குறிப்பிட்டுத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதிய பிறகு, 7,100 ரூபாய் திரும்பி வந்தது. ஸ்கோப்புக்கான பணம் வரவில்லை, 60 மி.மீ. என்பது ‘லென்ஸின் அளவுதானே தவிர, திறப்பின் அளவு அல்ல’ என்று பதில் வந்திருக்கிறது. அதற்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன். 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு.

இதே பெட்டி உங்களிடமும் இருந்தால், விளம்பரப் பக்கத்தை மாற்றுவதற்குள் படம் எடுத்து வையுங்கள். பெட்டியின் மேல் இறக்குமதியாளர் பெயர், தயாரித்த நாடு, அதிகபட்ச விலை ஆகியவை அச்சிட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதுவே தனிப் புகார். ஒளிவட்டத்தை அளக்கும்போது ஸ்கேலும் தெரியும்படி படம் எடுங்கள். என் புகாரில் எதிர்த்தரப்பு மறுக்க முடியாமல் போன ஒரே சான்று அந்தப் படம்தான்.