சில்லுமூக்கு உடைகிறவர்கள் எதைக்கொண்டு மூக்கைக் கழுவலாம்?

மருந்துக்கடையில் மூக்கு கழுவ ஏதாவது கேட்டால், பிதுக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைத்தான் பெரும்பாலும் எடுத்து வைக்கிறார்கள். சளியும் தூசி ஒவ்வாமையும் மட்டும் உள்ளவர்களுக்கு அது நல்ல தேர்வுதான். அடிக்கடி சில்லுமூக்கு உடைகிறவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் பாட்டிலை முதலில் வைக்கும் அந்த வரிசையைத் தலைகீழாகப் போட வேண்டும் என்பது என் கருத்து. அப்பாவுக்காக ஒன்றன்பின் ஒன்றாக மூன்று கருவிகள் வாங்கிய பிறகு வந்த கருத்து இது.

அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது. தினமும் ஆஸ்பிரின் உண்டு. சைனஸ் தொல்லைக்காக 240 மில்லி பாட்டில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். மூன்றாம் நாள் காலை வாஷ்பேசினில் விழுந்த தண்ணீர் வெளிர் சிவப்பாக இருந்தது. கூடவே சுண்டுவிரல் நகமளவு ஒரு பொருக்கு. அடுத்த நிமிடம் இடது மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ரத்தம். நின்ற பிறகு பாட்டிலின் முனையை விரலால் தடவிப் பார்த்தேன். அச்சில் வார்த்தபோது தங்கிவிட்ட பிசிறு ஒன்று, தலைமுடி கனம்தான் இருக்கும், தோலைக் கீறியது.

அந்த முனை போய் உரசும் இடம் லேசானதல்ல. இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே உள்ள சுவரின் முன்பகுதியில், விரல் எட்டும் தூரத்திலேயே, பல ரத்தக்குழாய்களின் கிளைகள் வந்து பின்னிக்கொள்கின்றன. லிட்டில் பகுதி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். சில்லுமூக்கு உடைவதில் பத்தில் ஒன்பது இங்கிருந்துதான். மேலே மூடியிருக்கும் சவ்வு மிக மெல்லியது. காய்ந்தால் வெடிக்கும், பொருக்கு கட்டும், பொருக்கு பெயர்ந்தால் மறுபடி ரத்தம். ஆகவே எந்தக் கருவியானாலும் நான் கேட்பது இரண்டே கேள்விகள்: தண்ணீர் எவ்வளவு வேகத்தில் வருகிறது, முனை எங்கே முட்டுகிறது?

பிதுக்கும் பாட்டிலில் வேகம் முழுக்கக் கையில் இருக்கிறது. மூக்கு அடைத்திருக்கும்போது யாரும் மெதுவாக அழுத்துவதில்லை. தண்ணீர் போகவில்லையே என்று இன்னும் இறுக்குகிறோம். அடைப்பின் மேல் மோதும் நீர் பொருக்கைப் பெயர்க்கிறது, சில சமயம் காதுக்கும் ஏறுகிறது. கெட்டியான சளியை வெளியேற்றுவதில் இதற்கு ஈடானவை குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். சைனஸ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு மருத்துவர்களே இதைக் கொடுப்பதுண்டு. அப்போது முதல் சில நாட்கள் தண்ணீர் லேசாகச் சிவந்து வருவது எதிர்பார்த்ததுதான். அவர்கள் கணக்கு வேறு, அதையே பின்பற்றுங்கள்.

மோட்டார் வைத்த கருவிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விட்டுவிட்டு அடிக்கும் தாரை, சிலவற்றில் உறிஞ்சும் வசதியும் உண்டு. சில்லுமூக்கு உடைகிறவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதை வாங்க வேண்டாம்.

ஒரு மூக்கில் ஊற்றி மறு மூக்கால் வடியவிடும் நேத்திக் குவளை இதில் எவ்வளவோ சாது. குவளையை எவ்வளவு தூக்குகிறோமோ அவ்வளவுதான் அழுத்தம். அதற்கு மேல் ஏறாது. குவளையின் அகலமான குழல் மூக்குத் துளையின் வாயிலிலேயே நின்றுவிடுகிறது, உள்ளே நுழைந்து சுவரைக் குத்துவதில்லை. தலையைச் சாய்த்துக் குனிய வேண்டியிருப்பது ஒரு குறை. தலைசுற்றல் உள்ள முதியவர்களுக்கு அது சிரமம்.

ஆனால் இந்தக் குவளையால் கழுவும் ஜலநேத்தியில் ஆபத்து கழுவும்போது இல்லை, கழுவிய பிறகுதான் இருக்கிறது. எஞ்சிய தண்ணீரை வெளியேற்ற, கபாலபாதி போல வேகமாக மூச்சைத் தள்ளும்படி யோகா வகுப்புகளில் சொல்லித் தருகிறார்கள். ஊறி இளகிய பொருக்கை அந்த ஒரு வீச்சு பெயர்த்துவிடும். சில்லுமூக்கு உடைகிறவர்கள் இதைச் செய்யவே கூடாது. “அப்பா, சிந்தாதீர்கள், வாயைத் திறந்தபடி சும்மா குனிந்து நில்லுங்கள், தானே வடியும்” என்று நான் முதல் வாரம் முழுக்கப் பக்கத்தில் நின்று சொல்ல வேண்டியிருந்தது. நூலை மூக்கில் விட்டு வாய்வழியே எடுக்கும் சூத்திர நேத்தி பக்கமே போக வேண்டாம். அந்த நூல் உரசிச் செல்வது நான் மேலே சொன்ன அதே சுவரை.

நான் வாங்கியவற்றில் மூன்றாவது, உப்புநீர் ஸ்பிரே. இரண்டு மூன்று முறை அழுத்தினால் மெல்லிய தூறல், அவ்வளவுதான். ஆழத்தில் உள்ள சளியை இது அசைக்காது. ஆனால் சில்லுமூக்கு உடைவதற்குக் காரணமான வறட்சியை நேரடியாகப் போக்குவது இதுதான். அதனால்தான் அப்பாவுக்கு இதை முதலில் வைக்கிறேன், குவளையை இரண்டாவதாக, பாட்டிலை அதற்கும் பிறகு. முனையை நடுச்சுவரை நோக்கிப் பிடிக்காமல் காதுப்பக்கம் சாய்த்துப் பிடிக்க வேண்டும். இடது மூக்குக்கு வலது கை, வலது மூக்குக்கு இடது கை என்றால் அது தானாகவே அமையும். வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் கலந்த அடைப்பு நீக்கி மருந்துகளும் இதே போன்ற சிறிய பாட்டிலில்தான் வருகின்றன. அவை தினசரிப் புழக்கத்துக்கு உரியவை அல்ல. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது.

தண்ணீரில் எந்தக் கருவிக்கும் சலுகை இல்லை. 2011இல் அமெரிக்காவின் லூசியானாவில், குழாய்த் தண்ணீரை அப்படியே நேத்திக் குவளையில் ஊற்றிய இருவர் மூளையைத் தின்னும் அமீபா தொற்றி இறந்தார்கள். குடித்தால் ஒன்றும் செய்யாத அந்தக் கிருமி மூக்கு வழியே போனால் உயிரை எடுக்கிறது. ஆகவே கேன் தண்ணீர், ஆர்.ஓ. தண்ணீர் எதுவானாலும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் போல 6,500 அடிக்கு மேலுள்ள ஊர்களில் மூன்று நிமிடம். பிறகு இளஞ்சூட்டுக்கு ஆறவிடுங்கள். சூடான நீர் ரத்தக்குழாயை விரிக்கும். உப்பு லிட்டருக்கு 9 கிராம், அதாவது 240 மில்லிக்கு அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. அயோடின் சேர்க்காத உப்பாக இருப்பது நல்லது. உப்பு கூடினாலும் எரியும், உப்பே இல்லாவிட்டாலும் எரியும்.

ரத்தம் வருகிற நேரத்தில் எதையும் கழுவக்கூடாது. தலையை அண்ணாந்து பார்க்கச் சொல்லும் பழக்கம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. அது ரத்தத்தைத் தொண்டைக்குள்தான் அனுப்பும். உட்கார்ந்து, சற்று முன்னால் குனிந்து, மூக்கின் எலும்புக்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இடையில் திறந்து பார்க்கக்கூடாது. அதற்குப் பிறகும் வழிந்தால் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காத்திருக்கவே வேண்டாம். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்தவும் கூடாது.

எங்கள் வீட்டில் இப்போதைய வழக்கம் இது. ரத்தம் வந்த நாளில் ஒன்றுமில்லை. மறுநாளிலிருந்து ஸ்பிரே மட்டும். இரவில் பஞ்சுக்குச்சி இல்லாமல், சுண்டுவிரல் நுனியில் பட்டாணியளவு பெட்ரோலியம் ஜெல்லி எடுத்து மூக்கின் ஓரத்தில் தடவி, வெளியிலிருந்து மெதுவாக அமுக்கிவிடுகிறார். ஒரு வாரம் சிவப்பே தட்டாமல் கழிந்தால் குவளை. அந்தப் பிசிறு முனைப் பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மென்மையான சிலிக்கான் முனை கொண்ட வேறொன்று அலமாரியில் இருக்கிறது. சளி கட்டி முகம் கனக்கிற நாட்களில் மட்டும், மூக்கு இரண்டும் ஓரளவு திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதை எடுக்கிறார்.