நீச்சல் வகுப்பு அட்டவணை: ஃபார்மா, காலண்டரா, சால்வரா?

ஆறு லேன் கொண்ட 25 மீட்டர் குளம். மூன்று லேன் பயிற்சிக்கு, நான்கு கோச்கள். இப்படியொரு குளத்துக்கு கூகுள் ஃபார்மும் ஷீட்டும் போதுமா, கூகுள் காலண்டரில் நேரத்தை முன்பதிவு செய்யும் அப்பாயின்ட்மென்ட் பக்கமா, நிபந்தனைகளைக் கொடுத்தால் அட்டவணையைக் கண்டுபிடித்துத் தரும் கூகுளின் ஓஆர்-டூல்ஸ் சால்வரா? எந்த பேட்ச் எப்போது, எந்த லேனில், யார் கோச் என்று முடிவு செய்வது ஒரு வேலை. அந்த பேட்ச்சில் பிள்ளைகளுக்கு இடம் கொடுப்பது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவியிடம் கேட்பதால்தான் குழப்பம்.

இடம் கொடுக்க ஃபார்ம், ஷீட் போதும். ஆனால் ஒரு பேட்ச்சுக்கு இத்தனை பேர்தான் என்ற வரம்பு ஃபார்மில் கிடையாது. ஃபார்ம், ஷீட்டோடு சேர்ந்து ஓடும் கூகுளின் நிரல் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் அதை எழுத வேண்டும். நிரம்பிய பேட்ச்சை நீக்கினாலும், பக்கத்தை முன்பே திறந்து வைத்தவர் அதையே அனுப்பிவிடுவார். ஆகவே வருவதை விண்ணப்பமாக மட்டும் எடுத்து, ஸ்கிரிப்ட் எண்ணிப் பார்த்து 'உறுதி' அல்லது 'காத்திருப்பு' என்று குறிக்கட்டும். கடைசி இடத்துக்கு இருவர் ஒரே நொடியில் வந்தால், ஸ்கிரிப்ட்டின் இரண்டு ஓட்டமும் ஏற்கனவே ஐந்து பேர் என்றே எண்ணும். ஆறு பேர் பேட்ச்சில் ஏழு பேர் நிற்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு ஓட்டத்தை மட்டும் விடும் லாக் சர்வீஸில் பூட்டு கிடைத்த பிறகே எண்ண வேண்டும், பூட்டை விடுமுன், எழுதியது ஷீட்டில் உடனே பதிய ஃப்ளஷ் கொடுக்க வேண்டும்.

மொபைல் எண்ணை மட்டும் அடையாளமாக வைத்தால் ஷீட்டில் அண்ணனின் வரிசைமேல் தங்கையின் பதிவு ஏறிவிடும்; பெயரும் பிறந்த தேதியும் சேரட்டும். ஷீட்டின் லொகேல் (நாட்டு அமைப்பு) அமெரிக்காவாக இருந்தால் 05/06 மே 6 ஆகிவிடும். இலவசக் கணக்கில் ஸ்கிரிப்ட் நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் மெயில் அனுப்பும். மோட்டார் பழுதாகிக் காலை வகுப்புகள் ரத்தாகும் நாளில்தான் இது தெரியவரும்.

காலண்டர் தனி வகுப்புக்கு மட்டும். ஒரு நேரத்துக்கு ஒருவர் என்பதே அதன் அமைப்பு. லேன் காலியா என்பதும் அதற்குத் தெரியாது.

நான்கு கோச் என்றால் அட்டவணையை ஒயிட்போர்டிலேயே போட்டுவிடலாம். கோச் பத்துப் பேராகி, ஆளுக்கொரு ஷிஃப்ட், ஆளுக்கொரு நிலை என்று வரும்போது சால்வர் உதவும், அதுவும் சீசனுக்கு ஒருமுறை. ஓஆர்-டூல்ஸில் உள்ள சிபி-சாட் சால்வர் முழு எண்களில்தான் கணக்குப் போடும் என்பதால் நேரத்தை 15 நிமிடத் துண்டுகளாக்குங்கள். ஒரு கோச் ஒரே நேரத்தில் இரண்டு பேட்ச் எடுக்க முடியாது என்பது கட்டாய நிபந்தனை. சனி மாலை வேண்டாம் என்ற விருப்பத்துக்கு, மீறினால் ஏறும் அபராதப் புள்ளி போதும்; சால்வர் அதைக் குறைக்கப் பார்க்கும். எல்லாவற்றையும் கட்டாயமாக்கினால் தீர்வில்லை என்று மட்டும் பதில் வரும், எது இடிக்கிறது என்று தானாகச் சொல்லாது. நடுவில் ஒரு கோச் விலகி மறுபடி ஓட்டினால் சம்பந்தமில்லாத பேட்ச்களும் நகரும். பழைய அட்டவணையிலிருந்து மாறும் ஒவ்வொரு பேட்ச்சுக்கும் அபராதம் வையுங்கள்.