பசிபிக் போர் தேசிய அருங்காட்சியகம்: தோற்றவர்களுக்கும் இடம் கொடுத்த காட்சிக்கூடம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், கடலுக்கு வெகு தொலைவில் குன்றுகளுக்கிடையே இருக்கும் ஃபிரெடெரிக்ஸ்பர்க் என்ற சிற்றூரில் இரண்டாம் உலகப் போரில் ஜப்பானுக்கு எதிராக நடந்த கடற்போரின் அருங்காட்சியகம் அமைந்திருப்பதற்குக் காரணம், அமெரிக்கப் பசிபிக் கடற்படையைத் தலைமையேற்று நடத்திய செஸ்டர் நிமிட்ஸ் 1885-இல் அங்கே பிறந்ததுதான். அவருடைய தாத்தா நடத்திய பழைய விடுதியில் நிமிட்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் பகுதி இருக்கிறது. போரை விவரிக்கும் பெரிய கூடம், 1944-இல் சிச்சிஜிமா தீவருகே சுட்டு வீழ்த்தப்பட்டு உயிர் தப்பிய கடற்படை விமானியும் பின்னாளைய அதிபருமான ஜார்ஜ் எச். டபிள்யூ. புஷ்ஷின் பெயரைத் தாங்கியது.

இந்தக் கூடத்துக்காக மட்டுமே அவ்வளவு தூரம் போகலாம் என்பேன். அங்கே நிற்கும் எச்.ஏ.-19 என்ற ஜப்பானியக் குறு நீர்மூழ்கி, 1941 டிசம்பரில் ஹவாயிலிருந்த அமெரிக்கக் கடற்படைத் தளமான பேர்ல் துறைமுகத்தைத் தாக்க அனுப்பப்பட்ட ஐந்தில் ஒன்று. ஏறத்தாழ 24 மீட்டர் நீளம் இருந்தாலும், இரண்டு டார்பிடோக்களுக்கும் மின்கலங்களுக்கும் போக இரண்டு பேர் ஒடுங்கிக்கொள்ளும் இடம்தான் மிஞ்சுகிறது. அதன் குறுகிய கோபுரத்தருகே நிற்கும்போது, உள்ளே இருந்தவர்கள் எப்படி மூச்சுவிட்டார்கள் என்று நமக்கே நெஞ்சு அடைக்கிறது. திசைகாட்டி பழுதடைந்ததால் வழிதவறிய இந்த நீர்மூழ்கி பவளத்திட்டில் மாட்டிக்கொள்ள, உள்ளே இருந்த இருவரில் ஒருவர் இறந்துபோனார். கரையொதுங்கிய மற்றவரான கசுவோ சகாமாகி அமெரிக்காவின் முதல் ஜப்பானியப் போர்க்கைதியானார். ஐந்து நீர்மூழ்கிகளில் சென்ற பத்துப் பேரில் இறந்த ஒன்பது பேரை மட்டும் போர்த் தெய்வங்களாகக் கொண்டாடிய ஜப்பான், பிழைத்துக் கைதியான ஒருவரைப் பற்றி வாய் திறக்கவில்லை. கைப்பற்றிய அமெரிக்காவோ இந்தக் கலத்தை ஊர் ஊராகக் காட்டி, போர்ச் செலவுக்குப் பணம் திரட்டும் போர்ப் பத்திரங்களை விற்றது. 1991-இல் சகாமாகி டெக்சாஸுக்கே வந்து இதை மறுபடி பார்த்தார் என்பதையும் தெரிந்துகொண்டு பார்த்தால், ஒரு மனிதரின் வாழ்க்கையை இரண்டாகப் பிளந்த பொருளாக இது தெரியும்.

தீவுப் போரைப் புரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பசிபிக் தீவான தராவாவில் 1943 நவம்பரில் நடந்த போரைச் சொல்லும் இடத்தில் நிதானித்து நிற்க வேண்டும். ஓதம் எதிர்பார்த்த அளவு உயராததால் தரையிறங்கு படகுகள் பவளத்திட்டைத் தாண்ட முடியாமல் நின்றன. வீரர்கள் துப்பாக்கிக் குண்டுகளுக்கு நடுவே நூற்றுக்கணக்கான மீட்டர் தண்ணீரில் நடந்தே கரையேற வேண்டியதாயிற்று. ஏறத்தாழ 76 மணி நேரச் சண்டையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். தீவைக் காத்து நின்ற ஏறத்தாழ 4,700 பேரில், கொரியத் தொழிலாளர்களைத் தவிர்த்தால், உயிரோடு பிடிபட்ட ஜப்பானியர் 17 பேர்தான். பவளத்திட்டின் மேல் ஊர்ந்து ஏறும் சங்கிலிச் சக்கர வாகனங்கள் பிறகு ஏன் அத்தனை முக்கியமாயின என்பதும், ஏறத்தாழ ஒரு லட்சம் ஜப்பானியர் குவிந்திருந்த ரபவுல் போன்ற தளங்களைத் தாக்காமல் சுற்றிக்கொண்டு போனது ஏன் என்பதும் இங்கே விளங்கிவிடும்.

நிமிட்ஸ் விடுதிக்குப் பின்னாலிருக்கும் ஜப்பானிய அமைதித் தோட்டத்தைப் பலர் அவசரமாகக் கடந்துவிடுவது வருத்தமான விஷயம். 1905-இல் ரஷ்யக் கடற்படையை முறியடித்த ஜப்பானிய அட்மிரல் டோகோவை இளம் வயதில் நேரில் சந்தித்த நிமிட்ஸ், இறுதிவரை அவரை மதித்தார். டோகோவின் மிகாசா கப்பல் இரண்டாம் உலகப் போருக்குப் பின் சீர்குலைந்து கிடந்தபோது அதைக் காக்கவும் உதவினார். அந்த நன்றிக்காக ஜப்பானிய மக்கள் 1976-இல் அளித்த பரிசு இந்தத் தோட்டம். டோகோவின் படிப்பறையின் மாதிரியை ஜப்பானில் செய்து, பிரித்துக் கொண்டுவந்து, இங்கே மறுபடி பூட்டியிருக்கிறார்கள்.

எழுத்துப் பலகைகள் மிகுதி என்பதால், படித்துப் பார்ப்பவர்களுக்குப் பெரிய கூடத்துக்கே ஒரு பகல் முழுதும் ஆகும். சிறு பிள்ளைகளோடு போகிறவர்கள் படகு, விமானம், நீர்மூழ்கி ஆகியவற்றை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. சற்றுத் தள்ளியிருக்கும் போர்க்களப் பகுதியில் பி.டி.-309 என்ற டார்பிடோப் படகும் அவெஞ்சர் விமானமும் இருக்கின்றன. தீவுச் சண்டையை வீரர் வேடத்தில் நடித்துக் காட்டும் நிகழ்ச்சி குறிப்பிட்ட வார இறுதிகளில் மட்டுமே நடப்பதால், தேதியை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு புறப்படுங்கள்.